மஞ்சள் பைக்காரர்களின் மதுரை

கோடை விடுமுறை வந்தால் பத்திரிகைகளில் தவறாமல் ஒரு கட்டுரை வரும். ‘குறைந்த செலவில் மதுரை’ என்றோ, ‘பட்ஜெட்டில் ஒரு பாரம்பரியச் சுற்றுலா’ என்றோ தலைப்பு இருக்கும். நீங்களும் படித்திருப்பீர்கள். ஏ.சி. அறை வேண்டாம், சாதா அறை போதும். டாக்ஸி வேண்டாம், ஆட்டோ போதும். பெரிய ஓட்டலுக்குப் போகாதீர்கள், மெஸ்ஸில் சாப்பிடுங்கள். இப்படிப் பத்து யோசனைகள். கடைசியில் கூட்டிப் பார்த்தால் ஒரு குடும்பத்துக்கு இரண்டு நாளைக்குச் சில ஆயிரம் ரூபாய். இதற்குப் பெயர் சிக்கனமாம்.

எனக்கு ஒரு சந்தேகம். இந்தச் சிக்கனம் யாருக்கு?

மதுரைக்குத் தெற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டரில் அருப்புக்கோட்டை. அங்கிருந்து கிழக்கே இன்னும் கொஞ்ச தூரம் போனால் திருச்சுழி. சுற்றிலும் வானம் பார்த்த பூமி. கண்மாயில் தண்ணீர் நிற்கிற நாட்களைவிட சீமைக்கருவேலம் நிற்கிற நாட்கள் அதிகம். தறி நெய்கிறவர்கள், நூற்பாலையில் ஷிஃப்ட் பார்க்கிறவர்கள், கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர்கள், ஆடு மேய்க்கிறவர்கள், மழை பெய்தால் மட்டும் விவசாயிகள். இவர்களுக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் சரித்திர நகரம் மதுரைதான். பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம்.

இவர்கள் மதுரைக்கு வருவதில்லையா? நிறைய வருகிறார்கள். அரசு ராஜாஜி மருத்துவமனையில் படுத்திருக்கும் சொந்தக்காரரைப் பார்க்க வருகிறார்கள். கோர்ட்டு வாய்தாவுக்கு வருகிறார்கள். கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க வருகிறார்கள். கையில் ஒரு மஞ்சள் பை, அதற்குள் ஒரு தூக்குவாளி, ஒரு துண்டு. வந்த வேலை முடிந்ததும் அடுத்த பஸ். தூரத்தில் கோபுரம் தெரிந்தால் அங்கிருந்தே ஒரு கும்பிடு. “மதுரையப் பாத்திருக்கீகளா?” என்று கேட்டால், “அட, எத்தனை தடவ! பெரியாஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு எல்லாம் அத்துபடி” என்பார்கள். கிண்டல் இல்லை. உண்மையாகவே சொல்வார்கள்.

சரி, ஊரைச் சுற்றிப் பார்க்க என்ன தடை? டிக்கெட் விலையா? அதுதான் இல்லை.

மதுரையில் பார்க்க வேண்டியவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காசே கிடையாது. மீனாட்சியம்மன் கோயிலில் பொது தரிசன வரிசை இலவசம். தமுக்கத்தில் இருக்கும் காந்தி மியூசியம் இலவசம். 1959-ல் நேரு வந்து திறந்துவைத்தது. காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணியை அங்கே பார்க்கலாம். மேல மாசி வீதியில் ஒரு வீடு இருக்கிறது. இந்த நாட்டு ஏழைகளுக்கு இல்லாத முழு உடை தனக்கும் வேண்டாம் என்று 1921 செப்டம்பர் 22-ம் தேதி காந்தி அரையாடைக்கு மாறியது அந்த வீட்டில்தான். வாசலில் நின்று பார்க்க யாரும் பணம் கேட்பதில்லை.

திருமலை நாயக்கர் மஹாலுக்கு ஒரு சின்னக் கட்டணம் உண்டு. 1636-ல் கட்டியதாகச் சொல்லப்படும் அந்த அரண்மனையில் இன்று மிஞ்சியிருப்பது ஒரு பகுதிதான். மிச்சத்தின் அடையாளமாக, விளக்குத்தூண் பக்கத்துச் சந்து ஒன்றில் பத்துத் தூண்கள் தனியாக நிற்கின்றன. சந்துக்குப் பெயரே பத்துத்தூண் சந்து. ஜவுளிக் கடைகளுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் நடுவில், இங்கே எப்படி வந்து சேர்ந்தோம் என்பதுபோல நிற்கும் அவற்றைச் சும்மாவே பார்க்கலாம். கூடலழகர் கோயில் பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம். சாயங்காலம் வண்டியூர் தெப்பக்குளத்தின் கரையில் உட்கார்ந்தால் காற்றுக்கும் காசில்லை.

ஆக, மதுரையில் சரித்திரம் மலிவாகத்தான் கிடைக்கிறது. ஒரு சரித்திரத்துக்கும் அடுத்த சரித்திரத்துக்கும் நடுவில் இருக்கிற நேரம்தான் விலை அதிகம்.

ஒரு குடும்பத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். திருச்சுழிப் பக்கத்துக் கிராமம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு பாட்டி. காலையில் டவுன் பஸ் பிடித்து அருப்புக்கோட்டை வருகிறார்கள். 2021 மே மாதத்தில் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனதால் அம்மாவும் பாட்டியும் அதுவரை சும்மா வந்துவிடுவார்கள். மதுரை பஸ்ஸில் ஏறிவிட்டால் டிக்கெட் எடுத்தாக வேண்டும். அது மாட்டுத்தாவணியில் கொண்டுபோய் இறக்கும். அந்தப் பேருந்து நிலையத்துக்கு எம்.ஜி.ஆர். பெயர். 1977-ல் எம்.ஜி.ஆர். முதல் தடவை முதலமைச்சர் ஆனபோது அவரைச் சட்டசபைக்கு அனுப்பிய தொகுதி அருப்புக்கோட்டை. அவர் பெயர் தாங்கிய இடத்தில் அந்தத் தொகுதிக்காரர் இறங்கினால், கோயில் இன்னும் பல கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. மறுபடி ஒரு பஸ், இல்லாவிட்டால் ஆட்டோ.

கோயில் வாசலுக்கு வரும்போது மணி பதினொன்று. செல்போன் உள்ளே போகக் கூடாது. 2018-ல் கோயிலில் தீப்பிடித்த பிறகு நீதிமன்றம் போட்ட உத்தரவு அது. பாதுகாப்புக்குத்தான், சரி. போனைக் கொடுத்துவைக்க ஒரு வரிசை. செருப்புக்கு ஒரு வரிசை. அப்புறம் பொது தரிசன வரிசை. கட்டணம் கட்டியவர்களின் வரிசை பக்கத்திலேயே சரசரவென்று நகர்வதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார்கள். எப்படியோ கும்பிட்டுவிட்டு வெளியே வருகிறார்கள். பன்னிரண்டரைக்கு நடை சாத்தியாகிவிட்டது. ஆற அமரப் பிராகாரத்தைச் சுற்றி, சிற்பங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்றால் மறுபடி நடை திறப்பது மாலை நான்கு மணிக்கு.

இப்போது சொல்லுங்கள். இந்த மூன்றரை மணி நேரம், மதுரை வெயிலில், இந்த ஐந்து பேரும் எங்கே போவார்கள்?

உங்களுக்கும் எனக்கும் இது ஒரு கேள்வியே இல்லை. லாட்ஜ் ரூமுக்குப் போய்ப் படுப்போம். அல்லது ஃபேன் ஓடுகிற ஓர் ஓட்டலில் நுழைந்து காபி சொல்லுவோம். நாம் காசு கொடுப்பது காபிக்கா? நாற்காலிக்கு, ஃபேனுக்கு, குடிக்கத் தண்ணீருக்கு, உள்ளே இருக்கிற கழிப்பறைக்கு, அரை மணி நேரம் யாரும் நம்மை எழுப்பாமல் இருப்பதற்கு. அது டம்ளரில் ஊற்றித் தரப்படும் வாடகை.

அந்தக் குடும்பத்திடம் அந்த வாடகை இல்லை. சித்திரை வீதியில் தரைக்கல் சுடுகிறது. கடை நிழலில் ஒதுங்கினால், “என்னம்மா வேணும்?” என்று கேட்கிறார்கள். ஒன்றும் வேண்டாம் என்றால், “அப்படித் தள்ளி நில்லும்மா, யாவாரம் நடக்குற எடம்.” தண்ணீர் பாட்டில் இருபது ரூபாய். ஐந்து பேருக்கு ஒரு பாட்டில் எந்த மூலைக்கு? கழிப்பறை எங்கே என்று விசாரித்துப் போனால் வாசலில் மேஜை போட்டு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். தமிழ்நாட்டின் எத்தனையோ பஸ் ஸ்டாண்டுகளில் இதே காட்சிதான். ஆண்கள் ஏதாவது ஒரு சுவரைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பெண்கள்?

பாட்டி என்ன செய்கிறாள் தெரியுமா? தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறாள். வழியில் இல்லை, காலையில் வீட்டிலேயே. ‘பஸ்ஸுல போறோம், எதுக்கு வம்பு’ என்று. மதுரையைக் குறைந்த செலவில் பார்ப்பதற்கு எங்கள் பக்கத்துப் பெண்கள் கண்டுபிடித்திருக்கும் யோசனை இது. எந்தப் பத்து யோசனைக் கட்டுரையிலும் இது பதினோராவதாகக்கூட வந்ததில்லை.

திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் குடம் இவ்வளவு என்று விலை கொடுத்து நல்ல தண்ணீர் வாங்குகிற ஊர்கள் உண்டு. அந்த ஊர்களிலும் வெயிலில் வந்து வாசலில் நிற்கிற அந்நியனுக்குச் சொம்பு நிறையத் தண்ணீர் வரும். “உக்காருங்கண்ணே, வெயில் தாழப் போகலாம்” என்று திண்ணையும் சேர்ந்து வரும். எந்த ஊர்க்காரர் என்று விசாரிப்பார்கள். சொம்புக்கு எவ்வளவு என்று சொன்னதாகச் சரித்திரம் இல்லை. தண்ணீருக்கு அல்லாடுகிற ஊரில் தண்ணீர் சும்மா கிடைக்கிறது. வைகைக் கரையில் இருக்கிற ஊரில் விலைக்கு விற்கிறது. இதில் எது நாகரிகம், எது பட்டிக்காடு என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

“காலம் மாறிப்போச்சு சார், எல்லாத்துக்கும் ஒரு செலவு இருக்கே” என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. காலம் மாறியது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எதிலிருந்து எதற்கு மாறியது என்று பார்ப்போம்.

1896-ம் வருஷம் ஆகஸ்ட் 29. திருச்சுழியில் பிறந்து மதுரையில் படித்துக்கொண்டிருந்த 16 வயதுப் பையன் ஒருவன் வீட்டில் சொல்லாமல் கிளம்பினான். அண்ணனின் காலேஜ் ஃபீஸுக்காகக் கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டை வைத்துவிட்டுப் போனான். வேங்கடராமன் என்ற அந்தப் பையனைப் பிற்பாடு உலகம் ரமண மகரிஷி என்று அழைத்தது. ஆன்மிகத்தை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். கணக்கை மட்டும் பாருங்கள். திண்டிவனத்துக்கு ரயில் டிக்கெட் 2 ரூபாய் 13 அணா. கையில் மிச்சம் மூன்றே அணா. விழுப்புரத்தில் ஒரு ஓட்டலில் சாப்பிட்டான். ஓட்டல்காரர் பையனைப் பார்த்துவிட்டுக் காசு வாங்க மறுத்துவிட்டார். இருந்த சில்லறைக்கு மாம்பழப்பட்டு வரை ரயில், அப்புறம் நடை. வழியில் கோயில்கள். கீழூரில் ஒரு வீட்டில் சோறு போட்டார்கள். கடுக்கனை அடகு வைத்து 4 ரூபாய் வாங்கிக்கொண்டு, செப்டம்பர் 1-ம் தேதி திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தான்.

இது அந்தப் பையனின் சிக்கனத்தால் நடந்ததா? மூன்று ரூபாயை யார் சிக்கனம் பிடித்தாலும் மூன்று ரூபாய்தான். வழியில் இருந்த ஊர்களால் நடந்தது. காசு தீர்ந்துபோன ஆள் ஒருவன் வருவான், அவனுக்கும் சோறும் படுக்க இடமும் வேண்டும் என்று எதிர்பார்த்துத்தான் அந்தக் கால ஊர்கள் கட்டப்பட்டன.

இந்தக் கணக்கில் மதுரைதான் பெரிய வாத்தியார். 17-ம் நூற்றாண்டின் கடைசியில் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாளை எங்கள் பக்கத்துக் கிழவர்கள் போர்களுக்காக நினைவு வைத்திருக்கவில்லை. சாலைக்காகவும் சத்திரத்துக்காகவும் நினைவு வைத்திருக்கிறார்கள். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே இன்றைக்கும் மங்கம்மாள் சத்திரம் என்ற பெயர் இருக்கிறது. வழிநடையாக வருகிறவனுக்கு ஒரு கூரை வேண்டும் என்பது அரசாங்கத்தின் கவலையாக இருந்தது.

அதே மதுரையில் குன்னத்தூர் சத்திரம் என்று ஒன்று இருக்கிறது. இப்போது அது பெயரளவில்தான் சத்திரம். பழைய கட்டடம் போய், அடுக்கு மாடிக் கடை வளாகம் வந்துவிட்டது. கோயிலுக்கு எதிரே புது மண்டபத்துக்குள் இருந்த தையல்காரர்களையும் பாத்திரக் கடைகளையும் புத்தகக் கடைகளையும் காலி செய்து இங்கேதான் மாற்றினார்கள். மண்டபத்துச் சிற்பங்களை மீட்க அது தேவை. நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால், கடைகளுக்கு மாற்று இடம் யோசித்தவர்கள், சத்திரத்தில் ஒதுங்க வேண்டியவனுக்கு மாற்று இடம் யோசித்தார்களா? தங்க வந்தவன் இருந்த இடத்தில் வாங்க வந்தவன் மட்டும் போதும் என்று ஆகிவிட்டது. அதுதான் காலம் மாறியதன் அர்த்தம்.

பழைய காலம் பொற்காலம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தச் சத்திரங்களில் எத்தனையில் யார் யாருக்குத் தனிப் பந்தி, யார் யாருக்கு உள்ளேயே இடமில்லை என்பது நமக்குத் தெரியும். எங்கள் சீமைக்கு அது கதையில்லை, கோர்ட்டு வரை போன வழக்கு. திருச்சுழியிலிருந்து அதிக தூரமில்லை கமுதி. 1897-ல் அங்குள்ள மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தது வழக்கானது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908-ல் அவர்களுக்கு நுழையும் உரிமை இல்லை என்று தீர்ப்பு வந்தது. அதற்கப்புறம் 31 வருஷம். 1939 ஜூலை 8-ம் தேதி வைத்தியநாத ஐயர் தலைமையில் ஆறு பேர் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் போனார்கள். கக்கன் உட்பட ஐந்து பேர் தாழ்த்தப்பட்ட வகுப்பினர். ஆறாவது ஆள் விருதுநகர் சண்முக நாடார். நம் வறண்ட சீமைக்காரர்.

அந்த வாசல் அப்படிப் போராடித் திறந்த வாசல். அன்றைக்கு ‘நீ யார்?’ என்று கேட்டுத் தடுத்தார்கள். இன்றைக்கு அப்படி யாரும் கேட்பதில்லை. ‘எவ்வளவு வைத்திருக்கிறாய்?’ என்று கேட்கிறார்கள். அதையும் வாய் திறந்து கேட்பதில்லை. உட்கார இடமில்லாமல், குடிக்கத் தண்ணீர் இல்லாமல், ஒதுங்க மறைவில்லாமல் ஊரை அமைத்துவிட்டால் போதும். ஏழை தானாகவே அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடுவான். காவலாளியே வேண்டாம்.

இதற்கு வழக்கமாக மூன்று பதில்கள் வரும்.

முதலாவது: “எல்லாம் இலவசம்னா பராமரிப்பு யார் செய்யறது?” நியாயமான கேள்வி. மாமல்லபுரத்தில் இந்தியருக்கு 40 ரூபாயும் வெளிநாட்டவருக்கு 600 ரூபாயும் என்று மத்திய தொல்லியல் துறை 2018-ல் வைத்தது. அதாவது, ஆளுக்குத் தகுந்த கட்டணம் என்ற கொள்கையை அரசாங்கமே ஏற்றுக்கொண்டாகிவிட்டது. இத்தாலியில் வெனிஸ் நகரம் கூட்டம் தாங்காமல், ஒரு நாள் மட்டும் வந்து போகிறவர்களிடம் 2024-ல் 5 யூரோ கட்டணம் வசூலிக்க ஆரம்பித்தது. உலகமே திட்டித் தீர்த்தது. அந்த வெனிஸ்கூடச் சுற்றியுள்ள வெனேட்டோ மாகாணத்துக்காரர்களுக்கு அந்தக் கட்டணம் இல்லை என்று சொல்லிவிட்டது. பக்கத்துச் சீமைக்காரன் டூரிஸ்ட் இல்லை, அவன் இந்த ஊரின் மறுபாதி என்பது அவர்களுக்குப் புரிந்திருக்கிறது. லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தின் நிரந்தரக் காட்சிக்கூடங்களைப் பார்க்கக் கட்டணம் கிடையாது. நம் அமராவதிச் சிற்பங்களை அங்கே எவர் வேண்டுமானாலும் சும்மா பார்க்கலாம். ஊரார் வீட்டுச் சொத்தை இலவசமாகக் காட்ட அவர்களால் முடிகிறது. நம் வீட்டுச் சொத்துக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு போட நம்மால் முடியவில்லை.

போகட்டும், எங்கள் ஆட்கள் காசே கொடுக்கவில்லை என்று யார் சொன்னது? நாயக்கர் காலத்தில் தென்சீமைப் பாளையங்கள் கட்டிய கப்பம் எங்கே போனது? அந்த மஹாலின் தூண்களுக்குத்தானே? 19-ம் நூற்றாண்டின் கடைசியில் மதுரையில் எழுந்த ஹார்வி மில்லுக்குப் பஞ்சு எங்கிருந்து வந்தது? தென்மாவட்டக் கரிசலிலிருந்துதானே? 2013-ல் புவிசார் குறியீடு வாங்கியதே மதுரை மல்லி, அதன் எல்லைக்குள் விருதுநகர் மாவட்டமும் இருக்கிறது. ராத்திரி தெருமுனையில் நின்று சுடச்சுட பருத்திப்பால் குடிக்கிறீர்களே, அந்தப் பருத்தி விளைவது கோபுரத்தின் மேலா? டிக்கெட்டை எங்கள் பாட்டன் பூட்டன் காலத்திலேயே எடுத்தாகிவிட்டது. உள்ளே விட்டால் போதும்.

இரண்டாவது பதில்: “இவங்க வந்தா அசுத்தமாயிடுது சார்.” கழிப்பறை கட்டாமல் விட்டுவிட்டு அசுத்தம் என்பது, கதவைப் பூட்டிவிட்டு ஏன் சுவரேறிக் குதித்தாய் என்று கேட்பதைப் போன்றது. இதற்கு மேல் பதில் தேவையில்லை.

மூன்றாவதுதான் மோசம். “இவங்களுக்கு ஹிஸ்டரி எல்லாம் எங்க சார் புரியப்போகுது?” திருச்சுழி திருமேனிநாதர் கோயில் சுந்தரர் பாடிய தலம். அவர் பாடியபோது மதுரையில் நாயக்கர் மஹாலுக்கு அஸ்திவாரம் தோண்ட இன்னும் ஏறத்தாழ எண்ணூறு வருஷம் இருந்தது. அந்த மண்ணில் இருக்கிறவனுக்குப் பழசு என்றால் என்னவென்று தெரியாதா? அழகர் ஏன் ஆற்றில் இறங்கினார், தங்கை கல்யாணத்தைப் பார்க்காமல் ஏன் திரும்பிப் போனார் என்று ஒரு கிராமத்துப் பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். கைடு பத்து நிமிஷத்தில் முடிப்பதை அவள் ஒரு ராத்திரி முழுக்கச் சொல்லுவாள். புரியாமல் இல்லை. புரியும்படி அவர்களிடம் பேச ஏற்பாடு இல்லை. மஹாலில் பல வருஷங்களாக நடந்த ஒலி ஒளிக் காட்சியை நினைத்துப் பாருங்கள். ஆங்கிலக் காட்சி 6.45-க்கு. தமிழ்க் காட்சி 8 மணிக்கு. மதுரையில் லாட்ஜ் போட்டிருக்கும் வெளிநாட்டுக்காரருக்கு முதல் ஆட்டம். கடைசி டவுன் பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய அருப்புக்கோட்டைக்காரருக்கு இரண்டாவது ஆட்டம். யார் திட்டம் போட்டுச் செய்தது? யாருமில்லை. யாருக்கும் தோன்றவே இல்லை, அதுதான் விஷயம்.

ஆனால், அந்த மஹாலைக் கட்டிய திருமலை நாயக்கருக்குத் தோன்றியது. மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றி, அழகர் திருவிழாவோடு சேர்த்தவர் அவர் என்று சொல்வார்கள். அறுவடை முடிந்து கிராமத்துக்காரன் கை ஓய்ந்திருக்கிற காலம் அது. குடியானவனின் வசதிக்காகத் தெய்வத்தின் கல்யாணத் தேதியையே மாற்றினார்கள். நாம் ஒரு காட்சியின் நேரத்தை மாற்ற யோசிக்கிறோம்.

மதுரையால் முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். சித்திரைத் திருவிழா நாட்களில் பார்த்திருக்கிறீர்கள்தானே? தெருவுக்குத் தெரு தண்ணீர்ப் பந்தல், நீர்மோர், பானகம். மண்டகப்படிக்கு மண்டகப்படி சோறு. ஆற்று மணலில், மண்டபங்களில், தெரிந்தவர் தெரியாதவர் வீட்டுத் திண்ணைகளில் லட்சக்கணக்கான பேர் படுத்து எழுந்து போகிறார்கள். பையில் இருப்பதை வைத்து அந்த நாட்களில் யாரையும் மதுரை எடை போடுவதில்லை. உலகத்தின் மிகப் பெரிய ‘பட்ஜெட் டூரிஸம்’ அதுதான். நான் கேட்பது ரொம்பச் சின்னது. அந்த மதுரை வருஷத்தில் மிச்ச நாளிலும் இருக்கட்டும்.

“அதுக்கு என்ன செய்யணும்கிறீங்க?” சொல்கிறேன். கோயிலைச் சுற்றி நான்கு வீதிகளுக்குள் ஏதாவது ஒரு பழைய கட்டடத்தை எடுத்து, நடை சாத்தியிருக்கிற அந்த மூன்றரை மணி நேரத்துக்கு யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து, கொண்டுவந்த கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிடுகிற கூடமாக மாற்றுங்கள். ஃபேன், குடிநீர், பையை வைக்க அலமாரி. கூடவே, பூட்டாத, காசு கேட்காத கழிப்பறை. பஸ் ஸ்டாண்டுகளில் பெண்களிடம் கழிப்பறைக்குக் காசு வாங்குவதை நிறுத்துங்கள். பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்றவர்களுக்கு இது பெரிய காரியமா? மாட்டுத்தாவணியிலிருந்து காந்தி மியூசியம், விளக்குத்தூண், மஹால், தெப்பக்குளம் என்று சுற்றிவர ஒரு சாதாரண டவுன் பஸ் விடுங்கள். ஏ.சி. வேண்டாம், பாரம்பரியச் சிற்றுலா என்று பெயரும் வேண்டாம், நம்பர் போட்டால் போதும். தங்க நேர்ந்தவர்களுக்குப் பாயும் தலையணையும் குறைந்த வாடகைக்குக் கிடைக்கிற சத்திரம் ஒன்று வேண்டும், எந்த ஜாதி என்று கேட்காத சத்திரம். இனி எந்தக் காட்சி நடந்தாலும் தமிழுக்கு முதல் ஆட்டம். திருச்சுழி, நரிக்குடி, கமுதி அரசுப் பள்ளிப் பிள்ளைகளை வருஷத்துக்கு ஒரு நாள் அரசாங்கச் செலவில் கூட்டிவந்து, கீழடி அருங்காட்சியகத்தையும் மதுரையையும் சேர்த்துக் காட்டுங்கள். இதில் எதற்கும் உலக வங்கிக் கடன் தேவைப்படாது.

அரசாங்கம் செய்கிறவரை நீங்கள் ஒன்று செய்யலாம். நீங்கள் மதுரைக்காரர் என்றால், கடை வைத்திருக்கிறவர் என்றால், வாசலில் ஒரு மண்பானையும் ஒரு பெஞ்சும் போடுங்கள். வெளியூர்க்காரர் என்றால், அடுத்த முறை போகும்போது பொது வரிசையில் நின்று பாருங்கள், டவுன் பஸ்ஸில் போய்ப் பாருங்கள், மத்தியானம் ரூமுக்குப் போகாமல் தெருவில் இருந்து பாருங்கள். காசு மிச்சமாகும் என்பதற்காகச் சொல்லவில்லை. அந்த ஊர் யாரை வரவேற்கிறது, யாரைத் தள்ளி நிற்கச் சொல்கிறது என்று அப்போதுதான் தெரியும். தெரிந்தால் சும்மா இருக்க மாட்டீர்கள், மாநகராட்சிக்கு ஒரு கடிதமாவது எழுதுவீர்கள்.

ஒரு சரித்திர நகரத்துக்கு மதிப்பெண் போட யுனெஸ்கோ வரவேண்டியதில்லை. வெளியூரிலிருந்து மஞ்சள் பையோடு வந்த ஒரு கிழவி, மத்தியானம் இரண்டு மணிக்கு, ‘அடுத்து எங்கே போவோம்’ என்ற பயம் இல்லாமல் வயிறு நிறையத் தண்ணீர் குடிக்கிறாளா? குடித்தால் அது நகரம். குடிக்காவிட்டால் அது வெறும் கட்டடம்.